ஓடு பழுதா, ஆணி பழுதா?

கிழக்கு லண்டனிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தெருவையும் கவுன்சிலையும் நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

1890களில் கட்டப்பட்ட விக்டோரிய வரிசை வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாடகை வீடுகளில் மாறி மாறி இருந்த குடும்பம், 2006இல் இதை வாங்கியது. கூரை முழுவதும் நீலச் சாம்பல் நிறச் சிலேட்டு ஓடுகள். சென்ற குளிர்காலத்தில் மாடியின் பின்னறையில், புகைபோக்கி இறங்கும் சுவரோரம் ஈரக்கறை படிந்தது. பக்கத்துத் தெருவில் வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் கதவைத் தட்டினார். கூரை முழுவதும் போய்விட்டது, கான்கிரீட் ஓடு போட்டுத் தருகிறேன், புகைபோக்கியையும் இறக்கிவிட்டால் இனித் தொல்லை இல்லை என்றார். கேட்ட தொகை 11,800 பவுண்ட். சகோதரி ஒரு பக்கத் தாளில் கையெழுத்திட்டு, 1,500 பவுண்டை ரொக்கமாக முற்பணம் கொடுத்துவிட்டார். பிறகு மனம் கேளாமல் இன்னொரு நிறுவனத்தை அழைத்திருக்கிறார். இயற்கைச் சிலேட்டில் செய்ய 19,400 பவுண்ட் என்றார்கள். அவர்கள்தான், "இது மரபுப் பாதுகாப்புப் பகுதி ஆயிற்றே, கவுன்சிலிடம் கேட்டீர்களா?" என்றும் கேட்டிருக்கிறார்கள்.

அதிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "பட்டியலிடப்பட்ட வீடு, ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது" என்கிறார் கணவர். கோயிலில் சந்தித்த நண்பரோ, "விடுமுறை வார இறுதியில் முடித்துவிடுங்கள், நான்கு வருடம் போனால் யாரும் கேட்க முடியாது" என்கிறார். இடப்பக்கத்து வீட்டில் 1980களிலிருந்தே கான்கிரீட் ஓடுதான் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று கேட்கிறார் சகோதரி. கவுன்சில்தான் விலை கூடிய ஓட்டைப் போடச் சொல்கிறது என்றால் செலவில் பங்கு தர வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. மகனுக்குக் கூரைக்குள் ஓர் அறையும் சூரியத் தகடுகளும் வேண்டும். மாமி, ஆடியில் கூரையில் கை வைக்கக் கூடாது என்று உறுதியாக இருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கையெழுத்திட்ட தாளைப் பற்றி அவசரமாகச் சொல்ல வேண்டியதை உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதைக் கடைசியில் திரும்பவும் சொல்கிறேன்.

நீங்கள் அடுக்கியிருக்கும் கேள்விகள் எல்லாம் "அனுமதி வேண்டுமா" என்பதைச் சுற்றியே நிற்கின்றன. ஒரு கட்டட அளவையாளனாக எனக்கு அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் கூரையை மாற்றத்தான் வேண்டுமா? கடிதத்தில் நீங்கள் சொல்லும் ஒரே அறிகுறி, புகைபோக்கி ஓரத்து ஈரக்கறை. அந்த இடத்தில் ஒழுகினால் நான் முதலில் சந்தேகப்படுவது ஓட்டை அல்ல. புகைபோக்கியும் கூரையும் சேரும் இடத்தில் செருகியிருக்கும் ஈயத் தகட்டைத்தான். அது கிழிந்திருக்கலாம், சுவர்ப் பள்ளத்திலிருந்து வெளியே வந்திருக்கலாம். ஈயத்துக்குப் பதிலாக யாரோ ஒரு காலத்தில் அப்பிவைத்த சிமெண்ட் வெடித்திருக்கலாம். இவற்றுக்கு ஆகும் செலவு முழுக் கூரைச் செலவின் பக்கத்தில்கூட வராது.

இன்னொரு சாத்தியமும் உண்டு. இடப்பக்கத்து வீட்டில் கான்கிரீட் ஓடு என்கிறீர்கள். மெல்லிய சிலேட்டும் தடித்த கான்கிரீட் ஓடும் சந்திக்கும் கோட்டில், இரண்டுக்கும் அடியில் தண்ணீரைக் கொண்டுபோக ஒரு சிறு பீலி வைத்திருக்க வேண்டும். பல தெருக்களில் அதை வைக்காமல் சாந்து பூசி மூடிவிட்டார்கள். சாந்து வெடித்ததும் தண்ணீர் நேரே பொதுச் சுவரின் தலையில் இறங்கும். உங்கள் புகைபோக்கி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்றால், இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பரணில் ஏறிப் பாருங்கள்

நல்ல வெயில் நாளில் மகனைப் பரணில் ஏறச் சொல்லுங்கள். தரைச் சட்டங்களின் மீது மட்டும் கால் வைக்க வேண்டும். இடையில் வைத்தால் கால் கீழறைக்கு வந்துவிடும். விளக்கை அணைத்துவிட்டு மேலே பார்க்கட்டும். அங்கங்கே வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால், அவை ஓடு நழுவிய இடங்கள். சிலேட்டின் அடிப்புறம் கண்ணுக்குத் தெரிந்தால், விரல் முட்டியால் ஒன்றைத் தட்டிப் பார்க்கலாம். உயிருள்ள சிலேட்டு கணீரென்று ஒலிக்கும். செத்துப்போன சிலேட்டு மொத்தென்று கேட்கும். விளிம்பு ஏடு ஏடாக உரியும். தரையில் சுண்ணாம்புப் பொருக்குகள் உதிர்ந்து கிடந்தால் பதறாதீர்கள். அந்தக் காலத்தில் ஓட்டுக்கு அடியில் காற்று புகாமலிருக்கச் சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். நூற்றுச் சொச்சம் வருடத்தில் அது உதிர்வது இயல்பு.

ரீப்பர் கட்டைகளில் அடித்திருக்கும் ஆணியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விக்டோரியக் காலத்து மலிவான வீடுகளில் இரும்பு ஆணி போட்டார்கள். அது துருப்பிடித்து, கழுத்து மெலிந்து, ஒரு காற்றுக்கு முறிகிறது. ஓடு நழுவுகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு "கூரை போய்விட்டது" என்று தோன்றும். உண்மையில் போயிருப்பது ஆணி. வேல்ஸ் நாட்டு நல்ல சிலேட்டு நூறு வருடத்துக்கு மேல் தாராளமாக உழைக்கும்.

ஊரில் மழைக்காலத்துக்கு முன்பு ஓடு பிரித்து வேய்வதைப் பார்த்திருப்பீர்கள். எல்லா ஓட்டையும் இறக்கி, உடைந்ததை ஒதுக்கி, நல்லதைத் துடைத்து அடுக்கி, இற்றுப்போன ரீப்பரை மாற்றி, திரும்ப வேய்வார்கள். யாரும் அதற்காக வீட்டு ஓடு முழுவதையும் குப்பையில் போடுவதில்லை. சிலேட்டுக் கூரைக்கும் இதே வேலைதான் பெரும்பாலும் தேவைப்படுகிறது. பழைய சிலேட்டை இறக்கித் தட்டிப் பார்த்துப் பிரித்து, புது ரீப்பரில், செப்பு ஆணியில் திரும்ப அடிப்பார்கள். தேறிய பழைய ஓடுகள் தெருப்பக்கத்துக்கு. பற்றாக்குறைக்கு வாங்கிய புது ஓடுகள் பின்புறத்துக்கு. கதவைத் தட்டி வந்த மனிதர் உங்கள் பழைய ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னாரா? பழைய வேல்ஸ் சிலேட்டுக்கு நல்ல விலையும் தேவையும் உண்டு. "குப்பையை நாங்களே இலவசமாக அகற்றிவிடுகிறோம்" என்று அந்தத் தாளில் எழுதியிருந்தால், அந்தத் தயாள குணத்துக்குக் காரணம் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

பத்துப் பதினைந்து ஓடுகள் மட்டும் நழுவியிருந்தால் இதுவும் தேவையில்லை. ஈயப் பட்டையை மடித்து ஓட்டைப் பிடித்து நிறுத்தும் பழைய முறையே போதும். கூரை முழுவதும் அந்தப் பட்டைகளே பளபளத்தால்தான், ஆணிகளின் காலம் முடிந்துவிட்டது என்று பொருள்.

பாதுகாப்புப் பகுதி வேறு, பட்டியல் வேறு

உங்கள் கணவர் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பட்டியலிடப்பட்ட கட்டடம் என்றால் அந்தத் தனிக் கட்டடத்துக்கு நாட்டளவில் பாதுகாப்பு உண்டு. அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றுவது குற்றம். வருடங்கள் போனதால் குற்றம் கரைந்துவிடுவதில்லை. மரபுப் பாதுகாப்புப் பகுதி என்பது ஒரு தெருவின், ஒரு வட்டாரத்தின் மொத்தத் தோற்றத்துக்கான பாதுகாப்பு. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அந்த ஆண்டே லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்ட் நகரம் முதல் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 பகுதிகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறுபடும். நான் சொல்வது இங்கிலாந்துக்கு.

உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறதா என்பதை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் தேசியப் பட்டியலில் இணையத்திலேயே தேடலாம். 1890களின் சாதாரண வரிசை வீடு அதில் இருப்பது அபூர்வம். இல்லை என்று வைத்துக்கொண்டே மேலே போகிறேன்.

பாதுகாப்புப் பகுதியில் இருக்கும் சாதாரண வீட்டுக்கு நிலைமை நீங்கள் பயப்படும் அளவுக்கு இறுக்கமானது அல்ல. இருக்கும் சிலேட்டுக்குப் பதில் அதே மாதிரிச் சிலேட்டை, அதே சரிவில், அதே ஒழுங்கில் போட்டால் வீட்டின் வெளித்தோற்றம் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை. அது பழுதுபார்த்தல், திட்ட அனுமதி தேவைப்படும் வேலையாகவே சட்டம் அதைக் கருதுவதில்லை. ஓட்டின் வகையை மாற்றினால்கூட, சில வேலைகளைத் தனி விண்ணப்பமின்றிச் செய்யவிடும் 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணை கூரை மாற்றங்களுக்கு ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறது. பழைய கூரைத் தளத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் துருத்தக் கூடாது, முகட்டின் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பவை அதன் முக்கிய எல்லைகள்.

ஆனால் பல கவுன்சில்கள் தங்கள் பாதுகாப்புப் பகுதிகளில் அந்தப் பொது அனுமதியைத் திரும்பப் பெற்றிருக்கின்றன. அதற்கு ஆர்ட்டிக்கிள் 4 ஆணை என்று பெயர். அது இருக்கும் தெருவில் சிலேட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட திட்ட அனுமதி கேட்க வேண்டும், பெரும்பாலும் கிடைக்காது. எனவே, "நாங்கள் பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறோமா?" என்று கவுன்சிலிடம் கேட்டால் பாதி விடைதான் வரும். "எங்கள் வீட்டு எண்ணுக்கு ஆர்ட்டிக்கிள் 4 ஆணை இருக்கிறதா, அது கூரையைத் தொடுகிறதா, எந்தப் பக்கத்துக் கூரையை?" என்று கேளுங்கள். கவுன்சிலின் இணைய வரைபடத்திலும் பெரும்பாலும் இருக்கும். 2006இல் உங்கள் சட்டத்தரணி கொடுத்த கோப்பில் கவுன்சில் தேடல் அறிக்கை ஒன்று கிடக்கும். அதிலும் பாருங்கள். ஆனால் அதன்பின் புது ஆணை வந்திருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எந்தப் பக்கம் என்று கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஆணைகள் பலவும் தெருவை நோக்கிய பக்கத்தை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. பின்கூரையில் கான்கிரீட் போடச் சட்டம் இடம் கொடுக்கக்கூடும். இருந்தாலும் முன்னே ஒன்று பின்னே ஒன்று என்று போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முகட்டின் இரு பக்கமும் வெவ்வேறு பாரம் ஏறும், முகட்டு ஓடு சரியாக உட்காராது. மிச்சமாகும் பணமும் நீங்கள் நினைக்கும் அளவு இருக்காது. சாரத்துக்கும் கூலிக்கும் ஈயத்துக்கும் எப்படியும் அதே செலவுதான்.

பழைய மாதிரியே போடப்போகிறீர்கள் என்றால், ஓட்டின் பெயரையும் அளவையும் குறிப்பிட்டு, தெருவிலிருந்து எடுத்த படத்தோடு கவுன்சிலின் மரபுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டப்படி உறுதி வேண்டுமென்றால் சட்டப்பூர்வ மேம்பாட்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சட்டத்தரணி கேட்கும்போது கையில் காட்ட ஒரு தாள் இருக்கும்.

"நான்கு வருடம் போனால்..."

கோயில் நண்பரின் கணக்கு பழைய கணக்கு. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அந்த நான்கு வருடம் பத்து வருடமாகிவிட்டது. அதற்கு முன்பே முடிந்த வேலைகளுக்கு மட்டுமே பழைய விதி. விடுமுறை வார இறுதி யோசனையும் அவர் நினைக்கிற அளவு சாமர்த்தியமானது அல்ல. கூரை தெருவுக்கே தெரியும் பொருள். வரிசை வீடுகளின் நடுவே ஒரு கூரை மட்டும் நிறம் மாறினால், புகார் எழுத எதிர்வீட்டார் ஒருவர் போதும்.

அனுமதியின்றிச் செய்தது உடனே குற்றமாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்தபின் அனுமதி கேட்கும் பின்னேற்பு விண்ணப்பம் போடக் கவுன்சில் சொல்லலாம். அதை மறுத்து அமலாக்க அறிவிப்பு கொடுத்தால், அது நடைமுறைக்கு வருமுன் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் தோற்றுவிட்டு அறிவிப்பை மீறினால்தான் குற்றம். அபராதத்துக்கு உச்ச வரம்பு கிடையாது. கான்கிரீட்டை இறக்கிச் சிலேட்டு ஏற்றச் சொல்வார்கள். 11,800 பவுண்டும் 19,400 பவுண்டும் சேர்ந்து உங்கள் பணப்பையிலிருந்தே போகும்.

இடப்பக்கத்து வீட்டைப் பற்றிய உங்கள் ஆதங்கம் புரிகிறது. 1970களிலும் 80களிலும் லண்டன் முழுக்க இப்படிச் சிலேட்டை இறக்கிக் கான்கிரீட் ஏற்றினார்கள். அவர்கள் செய்தபோது ஆணையே இருந்திருக்காது. இருந்தும் செய்திருந்தால் அவர்களுக்குக் காலக்கெடு எப்போதோ கடந்துவிட்டது. அவர்களுக்குக் கிடைத்த விலக்கு உங்களுக்குத் தொற்றிக்கொள்ளாது. அந்தக் கூரைகளைப் பார்த்துத்தான் பல கவுன்சில்கள் ஆணையே போட்டன.

செலவில் பங்கு கேட்பது பற்றி நல்ல செய்தி இல்லை. ஆணை இருக்கிறது என்பதற்காக மானியம் கிடைக்காது. 12 மாத முன்னறிவிப்பு தராமல் நடைமுறைக்கு வந்த ஆணை, வந்த 12 மாதத்துக்குள் விண்ணப்பித்து மறுக்கப்பட்டது என்ற குறுகிய சூழலில் மட்டுமே இழப்பீட்டுப் பேச்சுக்கு இடமுண்டு.

கான்கிரீட்டின் பாரம்

சட்டம் இடம் கொடுத்தாலும் கான்கிரீட் வேண்டாம் என்பேன். உங்கள் கைமரங்கள் சிலேட்டைத் தாங்குவதற்காக அளந்து போடப்பட்டவை. இயற்கைச் சிலேட்டு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோ. கான்கிரீட் ஓடு 45 முதல் 50 கிலோ வரை வரும். உங்கள் கூரை 80 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன்னுக்கு மேல் கூடுதல் பாரம். சாரத்தில் நின்று பார்த்தால் இதன் விளைவு கண்ணுக்கே தெரியும். பழைய வரிசை வீடுகளில் கான்கிரீட் ஏற்றிய கூரைகள் நடுவில் தொட்டில் கட்டினதுபோல் தொய்ந்திருக்கும். சில வீடுகளில் கைமரம் சுவரை வெளியே தள்ளியிருக்கும். இடப்பக்கத்து வீட்டு முகட்டை எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து ஒருமுறை பாருங்கள். கூரைப் பாரம் 15 சதவீதத்துக்கு மேல் மாறினால் கட்டமைப்பைச் சோதித்து, தேவையானால் வலுப்படுத்த வேண்டும் என்பது கட்டட விதிமுறை. 11,800 பவுண்டில் அந்தச் சோதனையும் கூடுதல் மரமும் அடங்கியிருக்கின்றனவா?

எந்தச் சிலேட்டு என்பது அடுத்தது. லண்டனின் கூரைகள் வடமேற்கு வேல்ஸின் மலைகளிலிருந்து வந்தவை. 1831இல் கடல்வழிச் சிலேட்டுக்கான வரி நீங்கியதும், பின்னர் ரயில் வந்ததும் சேர்ந்து அதை நாடு முழுவதற்கும் கொண்டுபோயின. 2021இல் யுனெஸ்கோ அந்தச் சுரங்க நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக்கியது. பெத்தெஸ்டாவுக்குப் பக்கத்திலுள்ள பென்ரின் சுரங்கத்துக் கல்லில் ஊதாச் சாயல் இருக்கும். ஃபெஸ்டினியோக் கல் நீலச் சாம்பல். உங்கள் கடிதத்து வர்ணனை இரண்டாவதோடு பொருந்துகிறது. ஆனாலும் மழையில் நனைந்த கூரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு ஓட்டைக் கழற்றி, காய்ந்த நிலையில், மாதிரியோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

புது வேல்ஸ் சிலேட்டுக்கு விலை அதிகம். இன்று பிரிட்டனில் போடப்படும் சிலேட்டில் பெரும்பகுதி ஸ்பெயினிலிருந்து வருகிறது. நல்ல ரகமும் உண்டு, சில வருடத்தில் துருக்கறை வழியும் ரகமும் உண்டு. "ஸ்பானியச் சிலேட்டு" என்று மட்டும் எழுதியிருக்கும் விலைப்பட்டியலை ஏற்காதீர்கள். சுரங்கத்தின் பெயரும் ஐரோப்பியத் தர நிர்ணயச் சோதனையில் டி1, எஸ்1 என்ற தரமும் எழுத்தில் வேண்டும். சிமெண்ட் நாரில் செய்த செயற்கைச் சிலேட்டைத் தெருப்பக்கத்தில் பாதுகாப்பு அலுவலர்கள் விரும்புவதில்லை. அது வெளுத்துப்போகும், இயற்கைக் கல்லின் ஆயுளும் கிடையாது.

இரண்டு பொறிகளைப் பற்றியும் எச்சரிக்கிறேன். ஓட்டின் மேல் தார் பூசித் தருகிறேன் என்பவரையும், பரணின் உள்ளே நுரை பீய்ச்சி அடித்து ஓட்டை ஒட்டித் தருகிறேன் என்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நுரை அடித்த வீட்டுக்கு அடமானக் கடன் தர பல நிறுவனங்கள் மறுக்கின்றன. மரம் உள்ளே உளுத்தாலும் தெரியாது.

புகைபோக்கி, பொதுச் சுவர், வௌவால்

புகைபோக்கியை இறக்குவது ஓட்டு வேலையின் இலவச இணைப்பு அல்ல. பாதுகாப்புப் பகுதியில் அதற்குத் திட்ட அனுமதி கேட்பார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை வீட்டில் அது பெரும்பாலும் பக்கத்து வீட்டோடு பங்கு. அதை இறக்கவோ பொதுச் சுவரை வெட்டிப் புது ஈயம் செருகவோ வேண்டுமென்றால், 1996ஆம் ஆண்டுப் பொதுச் சுவர்ச் சட்டப்படி இரண்டு மாதம் முன்பே அயலவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வெறும் ஓடு பிரித்து வேய்வதற்குப் பொதுவாக அது தேவைப்படாது. எதற்கும் ஒரு தேநீருக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

திட்ட அனுமதி தேவையில்லாத வேலைக்கும் கட்டட விதிமுறை உண்டு. கூரையில் பாதிக்கு மேல் மாற்றினால் அறிவிக்க வேண்டும். கூடவே பரணின் வெப்பக் காப்பையும் நியாயமான அளவுக்கு உயர்த்தச் சொல்வார்கள். காம்பிடன்ட் ரூஃபர் திட்டத்தில் பதிவானவர் என்றால் அவரே சான்றளிப்பார். இல்லையென்றால் கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு விண்ணப்பம் போக வேண்டும். காப்புப் பஞ்சை ஓரங்களில் அடைத்துக் காற்றோட்டத்தை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுக் கூரைக்கு அடியில் வியர்த்து மரம் கறுப்பது அப்படித்தான். முகட்டு ஓட்டைச் சாந்தில் மட்டும் பதித்துவிட்டுப் போகவும் விடக் கூடாது. 2015 முதல் பிரிட்டிஷ் நியமம் அதைத் திருகாலும் இறுக்கச் சொல்கிறது.

பரணில் எலிப் புழுக்கை போன்றவை கிடந்து, விரலால் நசுக்கினால் பொடியானால், அது வௌவாலின் எச்சமாக இருக்கலாம். பிரிட்டனில் எல்லா வௌவால் இனங்களும் பாதுகாக்கப்பட்டவை. அவை அந்த நேரத்தில் இல்லாவிட்டாலும் தங்குமிடத்தைக் கலைப்பது குற்றம். வௌவால் பாதுகாப்பு அறக்கட்டளையின் உதவி எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும்.

மாமியின் ஆடி விஷயத்தில் நான் அவர் பக்கம். பறவைகள் கூடு கட்டும் காலம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. ஓட்டிடுக்கில் குஞ்சுகளோடு கூடு இருந்தால் வேலையை நிறுத்தத்தான் வேண்டும். ஆவணி பிறந்து செப்டம்பரில் தொடங்கினால் கூடுகள் காலியாகியிருக்கும், மழையும் அதிகம் பிடித்திருக்காது. திட்ட அனுமதி தேவைப்பட்டால் அதற்கு எட்டு வாரம் என்று கணக்கு வைத்து, மே மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். அதுவரை புகைபோக்கி ஓரத்து ஈயத்தை மட்டும் சரிசெய்து வைக்கலாம்.

மகனின் ஆசைகள்

சூரியத் தகடுகளுக்குப் பாதுகாப்புப் பகுதியிலும் பொது அனுமதி இருக்கிறது. கூரைத் தளத்திலிருந்து 20 சென்டிமீட்டருக்கு மேல் துருத்தக் கூடாது. தோற்றத்தைக் கூடியவரை பாதிக்காத இடத்தில் வைக்க வேண்டும். ஆர்ட்டிக்கிள் 4 ஆணை இதையும் தொடுகிறதா என்று கேளுங்கள். 2027 மார்ச் 31 வரை நிறுவும் செலவுக்கு வாட் வரி இல்லை. சாரம் நிற்கும்போதே தகட்டுக்கான கொக்கிகளைப் பொருத்திவிட்டால், பிறகு ஓட்டை உடைத்துக்கொண்டு ஏற வேண்டியதில்லை.

கூரைக்குள் அறை கட்டுவது வேறு கதை. கூரையைப் புடைக்க வைக்கும் எந்த விரிவுக்கும் பாதுகாப்புப் பகுதியில் பொது அனுமதி கிடையாது. முழு விண்ணப்பம் தேவை. முன்புறத்தில் கிடைக்காது என்றே வையுங்கள்; பின்புறத்தில் கிடைக்க வாய்ப்பு உண்டு. இன்னும் சில வருடத்தில் அறை கட்டுவது உறுதி என்றால், பின்கூரையை இப்போது புதிதாக வேய்ந்து அப்போது பிரிப்பது வீண். முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

கையெழுத்திட்ட தாள்

உங்கள் வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தம் என்பதால், 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் ரத்துச் செய்யலாம். ரத்துச் செய்யும் உரிமையை அவர் எழுத்தில் தெரிவிக்கவே இல்லை என்றால், அந்தக் கெடு மேலும் 12 மாதம் வரை நீளும். நீங்கள் அனுப்பிய தாளின் படத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ரத்துக் கடிதம் அனுப்புங்கள். முற்பணத்தைத் திருப்பக் கேளுங்கள். ரத்து அறிவித்த 14 நாளுக்குள் அவர் தர வேண்டும். "வேலையைத் தொடங்கிவிட்டோம்" என்று சொல்வதற்காகவே ஒருநாள் காலையில் சாரக் கம்புகளோடு வந்து நிற்பார்கள். நீங்கள் எழுத்தில் கேட்டுக்கொள்ளாத வரை, கெடுவுக்குள் தொடங்கிய வேலைக்கு அவர் பணம் கேட்க முடியாது. கதவைத் திறக்காமல் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ரொக்கமாகக் கொடுத்ததுதான் சிக்கல். ரசீது இல்லையென்றால், வங்கியில் அந்தப் பணம் எடுத்த நாளின் கணக்கையும் அவரோடு நடந்த குறுஞ்செய்திகளையும் பத்திரப்படுத்துங்கள். திருப்பித் தராவிட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அங்கிருந்து வர்த்தகத் தர அதிகாரிகளுக்குப் போகும். 1,500 பவுண்ட் என்பது சிறு கோரிக்கை வழக்குக்குள் அடங்கும் தொகை. அடுத்த ஒப்பந்தக்காரருக்கு முற்பணத்தில் ஒரு பகுதியையாவது கடன் அட்டையில் கொடுங்கள். வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்ட் வரை என்றால், அவர் ஏமாற்றினால் அட்டை நிறுவனமும் பொறுப்பு. மீதியைச் சாரம் ஏறியதும் ஒரு பகுதி, பழைய ஓடு இறங்கி மரம் சோதித்ததும் ஒரு பகுதி, கட்டட விதிமுறைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு கடைசிப் பகுதி என்று எழுத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். 19,400 பவுண்ட் கேட்டவர்களிடம், பழைய சிலேட்டில் தேறுவதைத் திரும்பப் பயன்படுத்தினால் என்ன விலை என்று தனியாக இன்னொரு கணக்கும் கேளுங்கள்.